நாயோ பூனையோ இறந்த வீட்டில் எழும் கேள்விகள்

வீட்டில் வளர்ந்த பிராணி இறந்துவிட்டால் அடுத்த சில மணி நேரத்தில் செய்ய வேண்டியவை ஒரு பக்கம், அடுத்த சில மாதங்கள் மனசு படுத்தும் பாடு இன்னொரு பக்கம். இரண்டையும் கலந்தே எழுதியிருக்கிறேன். கேட்பவர்களும் அப்படித்தான் கலந்து கேட்கிறார்கள். இப்போதுதான் இறந்தது என்றால் முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள்.

எங்கப்பா இறந்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. நாய்க்காக அழுகிறேன். எனக்கு ஏதாவது கோளாறா?

இல்லை. இதைக் குரலைத் தாழ்த்தி, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்பவர்கள் நிறையப் பேர். யோசித்துப் பாருங்கள். அப்பா ஊரில் இருந்தார், நீங்கள் வேலை பார்க்கிற ஊரில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்ப் பார்த்தீர்கள். நாயோ விடிந்ததும் போர்வையை இழுத்தது, குளியலறைக் கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டது, இரவு தயிர்சாதத்தில் கடைசி உருண்டைக்காகக் காத்திருந்தது. அப்பா மீது பாசம் குறைவு என்று இதற்கு அர்த்தமே கிடையாது. ஒரே நாளில் பத்து இடத்தில் அதன் இல்லாமை முட்டுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. அப்பாவுக்கு ஊர் கூடியது. பந்தல் போட்டார்கள், துக்கம் கேட்க வந்தார்கள், பதினாறாம் நாள் வரை யாராவது பக்கத்தில் இருந்தார்கள். நாய்க்கு அதெல்லாம் கிடையாது. மறுநாள் காலையில் நீங்கள் பஸ் பிடித்து ஆபீஸ் போக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் இந்த வகைத் துக்கத்தைத் தனியாக எடுத்துப் பேசினார்: சுற்றியிருப்பவர்கள் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத, வெளிப்படையாக அழ இடம் தராத துக்கம். அடக்குவதற்கு ஆகும் சிரமமும் சேர்ந்துகொள்வதால்தான் இது அவ்வளவு கனக்கிறது.

"நாய்க்கெல்லாம் அழுவது இப்போது வந்த பட்டணத்து மோஸ்தர்" என்று யாராவது சொன்னால் அவரைத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டுக் கல். மாடுகளைக் காக்கச் சண்டையிட்டு இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்டது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் உண்டு. மதுரை, திண்டுக்கல் பக்கம் கோயில் காளை இறந்தால் இன்றும் ஊரே கூடி வேட்டி, மாலை சாத்தி, மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்கிறது. 2022 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைபயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்த அன்று தெருத்தெருவாக ஜனம் நின்று அழுதது. அவர்களிடம் போய் "வெறும் யானைதானே" என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் ஜிம்மிக்குக் கோயில் இல்லை, அது ஒன்றுதான் குறை.

இப்போதுதான் இறந்தது. ராத்திரி நேரம். என்ன செய்வது?

முதலில் இறந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள். முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், நெஞ்சின் இடப்பக்கம் கை வைத்தால் துடிப்பு தெரியும். மூச்சு நின்று, துடிப்பு நின்று, கண்ணின் கருவிழியை மெல்லத் தொட்டாலும் இமை அசையாமல் இருந்தால் இறந்துவிட்டது. சந்தேகமென்றால் கால்நடை டாக்டருக்கு வீடியோ அனுப்புங்கள்.

சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். அதற்குள் கால்களை மடக்கி, அது வழக்கமாகச் சுருண்டு படுக்கிற மாதிரி வைத்துவிடுங்கள். பிறகு துணியில் சுற்றுவதும் தூக்குவதும் சுலபம். அடியில் பிளாஸ்டிக் விரித்து மேலே பழைய துண்டோ பெட்ஷீட்டோ போடுங்கள். சிறுநீர், மலம், வாயிலிருந்து கொஞ்சம் நீர் வெளியேறும். கண் மூடாது, மூடினாலும் திறந்துகொள்ளும். அது உங்களைப் பார்க்கிறது என்று நினைத்துத் தவிக்க வேண்டாம். உடலைத் திருப்பும்போது உள்ளே நின்ற காற்று முனகல்போல வெளியே வரலாம், அதற்கும் பயப்பட வேண்டாம்.

நம் ஊர் வெயிலுக்கு அதிக நேரம் தாங்காது. ஏசி அறை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் வெறும் தரையில், வயிற்றுப் பக்கம் ஐஸ் பொட்டலங்கள் வைத்துக் காலைவரை வைத்திருக்கலாம். வெளியூரிலிருந்து மகன் வந்துதான் எடுக்க வேண்டும் என்று ஒன்றரை நாள் வைத்திருப்பது நல்லதல்ல. வீடியோ காலில் காட்டிவிடுங்கள்.

எங்கே புதைப்பது? எங்களுக்கு இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட்.

சொந்த இடமோ ஊரில் தோட்டமோ இருந்தால் மூன்று அடிக்குக் குறையாமல் தோண்டுங்கள். கிணறு, போர்வெல், தண்ணீர்த் தொட்டி பக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டு பருத்தித் துணியோடு இறக்குங்கள். மண் மூடிய பிறகு மேலே கனமான கல் வைக்காவிட்டால் தெருநாய்கள் தோண்டிவிடும். மறுநாள் அதைப் பார்ப்பது இறந்ததைவிடக் கொடுமை. தொற்றுநோயில் இறந்ததென்றால் இன்னும் ஆழமாகத் தோண்டி, சுட்ட சுண்ணாம்பு போட்டு மூடுவது வழக்கம்.

இடமில்லாதவர்கள் மாநகராட்சி அல்லது நகராட்சிச் சுகாதாரப் பிரிவைக் கேட்க வேண்டும். சென்னையில் 1913 என்ற எண். பிராணிகளுக்கான தனியார் தகன வசதி பெரிய நகரங்களில் வந்துவிட்டது. உங்கள் கால்நடை டாக்டரிடமும், சென்னையில் இயங்குகிற ப்ளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளிடமும் விசாரித்தால் வழி சொல்வார்கள். சாம்பல் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பல உடல்களைச் சேர்த்து எரிப்பதா, தனியாகவா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அழுகையில் இதைக் கேட்க மறந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

இறப்பதற்கு முன் இரண்டு நாள் என்னவோ போல இருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது, சித்தப்பாவைக் கடித்தது. வயசாகிவிட்டதால் இருக்குமா?

இதற்கு மட்டும் துக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு உடனே எழுந்திருங்கள். குணம் திடீரென மாறுவது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் திணறுவது, பின்கால் இழுத்துக்கொள்வது, கடிப்பது, சில நாளில் இறப்பது: இவை வெறிநோயாக (ரேபிஸ்) இருக்கலாம். கடித்த நாய் பத்து நாளுக்குள் இறந்தால் வெறிநோய் என்று நினைத்துத்தான் நடந்துகொள்ள வேண்டும். கடிபட்டவர், கீறல் பட்டவர், புண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டவர் எல்லோரும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். முதல் நாளோடு நிறுத்திவிடாமல் அவர்கள் எழுதிக் கொடுக்கும் தேதிகளில் எல்லாத் தவணையும் போட வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். உடலை வெறுங்கையால் தொடாதீர்கள். புதைக்கும் முன் கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். "நம்ம வீட்டு நாய்க்கு அதெல்லாம் வராது" என்ற பேச்சு வேண்டாம். நோயின் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் அதற்கப்புறம் மருந்து கிடையாது.

பால் ஊற்றலாமா? தீட்டு உண்டா? படத்துக்கு மாலை போட்டால் மாமியார் திட்டுகிறார்.

பிராணிக்குத் தீட்டு பார்க்கும் வழக்கம் பொதுவாக எந்த வீட்டிலும் இல்லை. பால் ஊற்றுவது, மஞ்சள் துணி போர்த்துவது, ஊதுவத்தி ஏற்றுவது, காக்கைக்குச் சோறு வைப்பது எல்லாம் பல வீடுகளில் நடக்கிறது. செய்யக்கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. மாமியாரோடு இதற்காகச் சண்டை போட வேண்டாம் என்பது என் கட்சி. பூஜை அறைச் சுவரில் முன்னோர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால்தான் அவருக்குக் கோபம் வரும். ஹாலில், அது படுத்திருந்த மூலைக்கு மேலே மாட்டிப் பாருங்கள்; நாலு நாள் கழித்து அவரே பூ வைப்பார்.

சடங்கு பிடிக்காதவர்கள், வேறு மதத்தவர்கள் வேறு ஏதாவது செய்யலாம். ஒரு செடி நடுங்கள், அதற்குப் பிடித்ததைச் சமைத்துத் தெருநாய்களுக்குப் போடுங்கள். வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்று ஒன்றைச் செய்து முடிப்பதால் மனசு கொஞ்சம் அடங்கும். யாரும் பேசாமல் மூலைக்கொருவராக உட்கார்ந்திருக்கும் வீட்டில் அது நடப்பதில்லை.

ஊசி போட்டுவிடலாம் என்று சம்மதம் சொன்னது நான்தான். நான் கொன்றுவிட்டேனா?

இதைவிடக் கனமான கேள்வி இந்தப் பக்கத்தில் இல்லை.

என்ன நடந்தது என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்தக் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்து படுத்துகிறது. பெரும்பாலும் முதலில் போடுவது மயக்க ஊசி. சில நிமிடத்தில் தலை தொங்கும், நாக்கு லேசாக வெளியே வரும். அந்த இடத்தோடு அதற்குத் தெரிவது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் முன்னங்காலில் முடியை மழித்து, நரம்பில் மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துகிறார்கள். மூளை அடங்கி, மூச்சு நின்று, இதயம் நிற்கிறது. எல்லாம் சில நிமிடம். அதன் பிறகு ஒன்றிரண்டு முறை நெஞ்சு விம்மி மூச்சிழுப்பது போலத் தெரிந்திருக்கலாம், தோல் துடித்திருக்கலாம், கண் திறந்தே இருந்திருக்கலாம். "வலித்ததோ, என்னைத் தேடியதோ" என்று மாதக் கணக்கில் மருகுகிறார்கள். அது தசைகள் தானாகச் செய்வது. வலி உணர ஆள் அங்கே இல்லை.

அடுத்தது, "இன்னும் ஒரு வாரம் பார்த்திருக்கலாமே" என்ற எண்ணம். அந்த ஒரு வாரம் எப்படி இருந்திருக்கும் என்று டாக்டரிடமே கேளுங்கள். சிறுநீரகம் செயலிழந்த நாய்க்கு வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பின்கால் செயலிழந்த பெரிய நாய் தன் மூத்திரத்திலேயே கிடந்து இடுப்பில் படுக்கைப் புண் வந்து அதில் ஈ மொய்க்கும். நீங்கள் கூட்டிக் கொடுத்திருக்கக்கூடிய நாட்கள் அவை. டாக்டர்கள் பார்ப்பதும் இதைத்தான்: சாப்பிடுகிறதா, எழுந்து நிற்கிறதா, மூச்சுக்குத் திணறுகிறதா, உங்களைக் கண்டால் வால் ஆடுகிறதா, வாரத்தில் நல்ல நாள் அதிகமா கெட்ட நாள் அதிகமா. சட்டமும் இதை ஒரு வழியாகவே வைத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் இருக்கும் விலங்கின் வேதனையை முடிக்க இடமுண்டு.

மறுபக்கமும் கேட்கிறார்கள்: "ஊசி போட மனசு வராமல் விட்டுவிட்டேன், கடைசி இரண்டு நாள் துடித்தது." இரண்டு பேரும் ஒரே பாசத்தில்தான் முடிவெடுத்திருக்கிறீர்கள். ஒருவர் அதன் வலியைப் பார்க்க முடியாதவர், மற்றவர் அதன் சாவைப் பார்க்க முடியாதவர்.

ஒரு நாள் முன்னாடி டாக்டரிடம் போயிருந்தால் பிழைத்திருக்குமே?

சில சமயம் ஆம், பல சமயம் இல்லை. நோயை மறைப்பது விலங்கின் சுபாவம். பூனை அதில் கெட்டிக்காரி. சிறுநீரகத்தின் வேலை செய்யும் பகுதியில் முக்கால்வாசி போன பிறகுதான் சாதாரண ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறித் தெரியும். அதுவரை அது சாப்பிட்டுக்கொண்டு, ஜன்னலில் உட்கார்ந்து அணிலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். உண்ணிக் காய்ச்சலில் முதலில் தெரிவது கொஞ்சம் சோர்வு மட்டும். வெயில் காலத்தில் எந்த நாய்தான் சோர்ந்து படுக்கவில்லை? பார்வோ என்ற வைரஸ் வயிற்றுப்போக்கு வந்த குட்டி நேற்று விளையாடியிருக்கும், இன்று ரத்தமாகப் போகும். டிரிப்ஸ் ஏற்றியும் பல குட்டிகள் போய்விடுகின்றன. இப்போது எல்லாம் தெரிந்த பிறகு பழைய நாட்களைத் திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றும் அறிகுறியாகத் தெரியும். அன்றைக்கு அவை அறிகுறியாக இல்லை.

சரி, உண்மையிலேயே தவறு நடந்திருந்தால்? கேட்டை மூட மறந்தீர்கள், ரோட்டுக்கு ஓடி அடிபட்டது. தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பயந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு போனது. தடுப்பூசித் தேதியைத் தள்ளிப்போட்டீர்கள். "உன் தப்பு இல்லை" என்று யார் சொன்னாலும் மனசு ஏற்காது, ஏற்கவும் வேண்டாம். நடந்ததை அப்படியே ஒருவரிடம் சொல்லுங்கள். சமாதானம் சொல்ல அவசரப்படாத ஒருவராக இருக்கட்டும். கவனக்குறைவும் கொடுமையும் வேறு வேறு. பத்து வருடம் வேளாவேளைக்குச் சோறு வைத்த கையை, ஒரு நாள் தாழ்ப்பாள் போட மறந்ததற்காக மட்டும் ஞாபகம் வைத்திருப்பது நியாயமில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குச் சொன்ன தொகை மூன்று மாதச் சம்பளம், அதனால் வேண்டாமென்றோம் என்று சொல்லும்போது பலருக்குக் குரல் உடைகிறது. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸையும் வீட்டு வாடகையையும் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு அது. அதற்காகப் பாசத்தில் குறை சொல்ல இன்னொருவருக்கு உரிமையில்லை, பணமிருந்து செலவு செய்தவருக்கும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று சந்தேகம்.

அப்படியானால் புதைக்காதீர்கள். வாந்தி, கிண்ணத்தில் மிச்சமிருக்கும் உணவு ஆகியவற்றைப் போட்டோ எடுத்து, கையுறையோடு தனிப் பையில் எடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். விலங்கை விஷம் வைத்தோ அடித்தோ கொல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. எலி மருந்து தின்ற எலியைப் பூனை பிடித்துத் தின்றும் இறக்கும் என்பதையும் மனசில் வையுங்கள். அறிக்கை வரும்வரை பெயர் சொல்லித் தெருவில் சண்டை வேண்டாம்.

ஐந்து வயதுப் பெண்ணிடம் என்ன சொல்வது? "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

மாற்றிச் சொல்லிவிடுங்கள், இன்றைக்கே. "செத்துப்போச்சு" என்ற வார்த்தையையே சொல்லலாம். "அதோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, இனி மூச்சு விடாது, வலிக்காது, திரும்பி வராது." அந்த வயதில் சாவு நிரந்தரம் என்பது புரியாது. ஆகவே நாளைக்கு மறுபடி "எப்ப வரும்?" என்று கேட்பாள். எரிச்சல் படாமல் அதே பதிலைச் சொல்லுங்கள்.

"தூங்குது" என்று சொன்னால் ராத்திரி படுக்கப் பயப்படுவாள். "ஊசி போட்டோம், செத்துப்போச்சு" என்று மொட்டையாகச் சொன்னால் அடுத்த தடுப்பூசிக்கு அவளை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட வைக்க முடியாது. அது ஆறாத நோய்க்கு, பிராணிகளுக்கு மட்டும் போடும் வேறு மருந்து என்று சேர்த்துச் சொல்லுங்கள். "சாமிகிட்ட போயிடுச்சு" என்பது நம் வீடுகளில் தானாக வருகிற வாக்கியம், தவறொன்றுமில்லை. ஆனால் "சாமி ஏன் எடுத்துக்கிச்சு, நம்மளையும் எடுத்துக்குமா?" என்று கேட்டால் பதில் தயாராக வைத்திருங்கள். அவளால்தான் இறந்தது என்று நினைக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள். வாலைப் பிடித்து இழுத்ததால், ஒரு நாள் அதன் மேல் தண்ணீர் ஊற்றியதால் என்று அந்த வயதில் சொந்தக் காரணம் ஒன்று இருக்கும்.

புதைக்கும்போது வரட்டும், வரவில்லை என்றால் விடுங்கள். நீங்கள் அழுவதை அவள் பார்க்கலாம். அரை மணி அழுதுவிட்டு உடனே கார்ட்டூன் பார்த்துச் சிரித்தால் "இவளுக்குப் பாசமே இல்லை" என்று சொல்லாதீர்கள். குழந்தைகள் இப்படி இடையிடையே விட்டு விட்டுத்தான் துக்கப்படுவார்கள்.

அப்பா பேசுவதே இல்லை. நாய் இருந்தவரை தினமும் நடப்பார். இப்போது வாசலைத் தாண்டுவதில்லை.

வயதானவர்களுக்கு இது இரட்டை அடி. நாயோடு சேர்ந்து நடையும் போனது, டீக்கடை வாசலில் "என்ன சார், இன்னிக்கு லேட்டு?" என்று கேட்ட நாலு பேரும் போனார்கள். அம்மா இறந்த பிறகு அவர் பேசிக்கொண்டிருந்தது அந்த நாயிடம்தான் என்றால் இன்னும் மோசம். "வேற வாங்கித் தரேம்ப்பா" என்று ஆரம்பிக்காதீர்கள். மாலையில் அதே நேரத்துக்கு, அதே வழியில் கூட நடந்து போங்கள். அதைப் பற்றியே பேசட்டும். சுகர், பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, சாப்பிடுகிறாரா என்று மட்டும் கண் வையுங்கள்.

டைல்ஸில் நகச் சத்தம் கேட்கிறது. ஆவியா?

ஒரே சத்தத்தைப் பல வருடம் கேட்டுப் பழகிய காது அந்த நேரத்துக்கு அதை எதிர்பார்க்கிறது. ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்திலிருந்துகூட அதை உண்டாக்கிக்கொள்ளும். கணவனை, மனைவியை இழந்தவர்களுக்கும் இது நடக்கும். பயமில்லை என்றால் விட்டுவிடுங்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது.

இருந்த இன்னொரு நாய் சாப்பிட மாட்டேன் என்கிறது.

2022-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், குறைந்தது இரண்டு நாய்கள் வளர்த்து அவற்றில் ஒன்றை இழந்த 426 பேரிடம் கேட்டார்கள். மிஞ்சிய நாயின் நடத்தை மாறியதாக 86% பேர் சொன்னார்கள்: விளையாட்டு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, ஆளை விட்டு அகலவில்லை. உரிமையாளர்கள் சொன்னதுதான் இது, அவர்களே துக்கத்தில் இருந்தவர்கள். ஆனாலும் நம் வீடுகளில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. சோறு, நடை, தூக்கம் எல்லாம் பழைய நேரத்துக்கே நடக்கட்டும். சாப்பிடவில்லை என்று தட்டில் சிக்கனாகப் போட்டுக் கெஞ்சினால் அதையே பழக்கமாக்கிக்கொள்ளும். நாய் இரண்டு நாள், பூனை ஒரு நாள் முழுப் பட்டினி கிடந்தால் டாக்டரிடம் போங்கள். பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி அதுவே ஆபத்தாகும். தவிர, இறந்ததற்கு வந்த அதே தொற்று இதற்கும் வந்திருக்கலாம். துக்கம் என்று முடிவு கட்டும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

பூனை காணாமல் போய் இரண்டு மாதம். செத்துவிட்டதா என்றே தெரியவில்லை.

உடல் கிடைக்காத துக்கத்துக்கு முடிவு இருக்காது. நோயாளிப் பூனை ஒளிந்துகொள்ள இடம் தேடிப் போகும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், பூட்டிய கார் ஷெட்டில், பக்கத்து மனையின் புதரில் தேடிவிட்டீர்களா? போஸ்டர் ஒட்டிக் கேட்டாயிற்றா? செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால், தேடுவதை நிறுத்த ஒரு தேதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கலாம். தேடுவதும் நம்புவதும் வேறு வேறு வேலைகள்.

நான் வளர்த்ததுகூட இல்லை. தெருமுனையில் பிஸ்கட் போடுவேன், அவ்வளவுதான்.

பெயர் வைத்திருந்தீர்களா? அப்புறம் என்ன. தெருநாய்க்கு உரிமையாளர் இல்லாததால் துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் பால்காரர், வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர் எல்லோரும் அதைத் தெரிந்தவர்கள். அவர்களிடம் பேசிப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாத கதையெல்லாம் வரும்.

அடுத்தது எப்போது வாங்கலாம்?

இறந்தது பார்வோவில் என்றால் கணக்கே வேறு. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக் கணக்கில், ஒரு வருடம்கூட, தாக்குப்பிடிக்கும். ஃபினாயில் போதாது, பிளீச் கரைசலில் தரை, கிண்ணம், கூண்டு எல்லாம் ஊறக் கழுவ வேண்டும். தோட்டத்து மண்ணை அப்படிக் கழுவ முடியாது. ஆகவே தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். முழுத் தடுப்பூசி போட்ட வளர்ந்த நாய் பரவாயில்லை.

மற்றபடி கெடு எதுவுமில்லை. சிலர் ஒரே வாரத்தில் கொண்டு வருகிறார்கள், சிலர் கடைசிவரை இல்லை. போனதைப் போலவே வேண்டும், அதே நிறம், அதே பெயர் என்று தேடுகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். வருகிற குட்டி பாவம், அது செருப்பைக் கடிக்கும்போதெல்லாம் "அவன் இப்படிச் செய்ததே இல்லை" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். செத்தவன் குட்டியாக இருந்தபோது எத்தனை செருப்பைத் தின்றான் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அழுகிறவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பிறந்தநாள் பரிசாகக் குட்டி கொண்டுவந்து நிற்கும் உறவினர்களைப் பற்றி நான் எழுதினால் மரியாதையாக இருக்காது.

எவ்வளவு நாளில் சரியாகும்? எப்போது உதவி தேட வேண்டும்?

துக்கத்துக்கு ஐந்து படி (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) என்று எல்லோரும் ஒப்பிப்பது மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் எழுதியது. சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி அவர் எழுதியதை, இழந்தவர்களுக்கும் பிறகு நீட்டினார்கள். படி ஏறுவதுபோல வரிசையாக எதுவும் வராது. ஒரு வாரம் நன்றாக இருப்பீர்கள், கடையில் அந்தப் பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்ததும் கண் கலங்கும். துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபேவும் ஹென்க் ஷூட்டும் 1999-இல் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: கொஞ்ச நேரம் இழப்பில், கொஞ்ச நேரம் அன்றாட வேலையில் என்று மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு. எந்நேரமும் அழுவதும் சிக்கல், ஒரு நிமிடம்கூட நினைக்காமல் ஓடிக்கொண்டே இருப்பதும் சிக்கல்.

வாரக் கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி அதிகமாகிறது, "நானும் போய்விடலாம்" என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926 என்ற எண். நாய் இறந்ததற்கா போன் செய்கிறாய் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

நண்பர் வீட்டில் நாய் இறந்துவிட்டது. என்ன சொல்வது?

அதன் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். "டைகர் போயிட்டானாமே, என்னப்பா ஆச்சு?" போதும். "வேற ஒண்ணு வாங்கிக்கோ", "நல்லவேளை, மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகலை", "வயசாயிடுச்சில்ல" ஆகிய மூன்றையும் தவிருங்கள். பக்கத்தில் இருந்தால் குழி தோண்ட ஆள் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது இட்லி வாங்கிக்கொண்டு போங்கள். மேலதிகாரியாக இருந்தால் ஒரு நாள் லீவு கேட்கும்போது காரணம் தோண்டாதீர்கள்.

அதன் சாமான்களை என்ன செய்வது?

அவசரமில்லை. ஊரிலிருந்து வந்த அத்தை ஒரே நாளில் வீட்டைச் சுத்தம் செய்து தருகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். பெல்ட்டையும் லைசென்ஸ் வில்லையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோபா உறையைத் துவைக்கத் தோன்றும்போது துவைக்கலாம். பிரிக்காத தீனிப் பை, கம்பளி, கூண்டு ஆகியவற்றைப் பிராணிகள் காப்பகத்துக்குக் கொடுங்கள், பார்வோ போன்ற தொற்றில் இறந்ததென்றால் மட்டும் துணிகளைக் கொடுக்க வேண்டாம். மீதி மாத்திரைகளை வேறு வீட்டு நாய்க்கு நீங்களாகக் கொடுக்காமல், டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தால் பணமில்லாமல் வரும் இன்னொருவருக்கு அவர் பார்த்துத் தருவார். தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வெறிநோய்ச் சந்தேகம் யாராவது கிளப்பினால் அது தேவைப்படும்.